கொம்பு வைத்த அடாப்டர்

“…ஆராச்சுங் கேட்டா நாங் குடுத்தேன்னு மட்டும் சொல்லிப்போடாத சாமி. தானா வந்துருச்சுன்னு சொல்லீரு” என்றார் சித்தி. சொல்லிக்கொண்டே தன் செல்போனை என் கையில் திணித்தார். அதில் ஒரு படம் இருந்தது. அவர்கள் வீட்டு இன்டர்நெட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு, அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படம் பிடித்திருந்தார். பாஸ்வேர்டு அதில்தான். படத்தின் ஓரத்தில் அவருடைய கட்டைவிரல் பாதி விழுந்திருந்தது.

போன வருடத்துப் பேச்சு இது. எங்கள் தோட்டத்துக் கிணற்று மேட்டில் நின்று பேசியது. நேற்று ஒரு தோழி போனில் கூப்பிட்டு, “ஊட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒயர் இல்லாம நெட்டு வரோணும், என்ன அடாப்டர் வாங்கறதுன்னு நீதாஞ் சொல்லோணும்” என்று கேட்கப்போய் இத்தனையும் கிளம்பிவிட்டது. “எத்தனை சொவரு தாண்டோணும்?” என்று கேட்டேன். கேட்டதும் எங்கள் வீட்டுச் சுவர் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன். அவளுக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன்.

என்னைக் கம்ப்யூட்டர் தெரிந்தவள் என்று உறவில் நம்புகிறார்கள். நான் மறுப்பதில்லை. பத்தாவதோடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன். சங்ககிரியில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் டைப் அடிக்கிற வேலை கிடைத்தது. அங்கே தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டதுதான் எல்லாம். முதல் மாதம் முழுக்க ஒற்றை விரல். ஆபீஸ்காரர் பார்த்துவிட்டு, “ஏம்மா, கோழி தவுடு பொறுக்கற மாதிரியே அடிக்கிறயே” என்பார்.

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது அந்தக் காலத்தில்தான். புதுப் பெட்டியைப் பிரித்தால் ஒரு பிளாஸ்டிக் வாசம் வருமே, எல்லோருக்கும் அது நல்ல வாசம். எனக்கு அதோடு சேர்ந்து ஈரச் சிமெண்ட் வாசமும் அடிக்கும். கம்ப்யூட்டர் வந்த அதே வருடம்தான் எங்கள் வீட்டுக்கு நடுவில் சுவரும் வந்தது.

அப்பாவும் சித்தப்பாவும் கூட்டாக ரிக் வண்டி வைத்திருந்தார்கள். போர் போடுகிற வண்டி. திருச்செங்கோட்டுப் பக்கம் இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். வடக்கே எங்கெங்கோ மாதக்கணக்கில் கிடந்து பாறையைத் துளைத்துவிட்டு வருவார்கள். கம்ப்ரசர் சத்தத்தில் காது மந்தமாகிவிடும். அதனால் எங்கள் வீட்டில் ரகசியம் என்று ஒன்று இருந்ததில்லை. உப்புக் கேட்பதென்றாலும் கத்தித்தான் கேட்போம். சண்டை வந்தபோது அதுவும் அடுத்த தோட்டம் வரை கேட்டது. என்ன சண்டை என்று கேட்காதீர்கள். அப்பா சொன்ன காரணம் வேறு, சித்தப்பா சொன்ன காரணம் வேறு. இரண்டையும் கேட்டவர்கள் மூன்றாவதாக ஒன்று சொன்னார்கள்.

பாகம் பிரிக்க உறவில் பெரியவர்கள் நாலு பேர் வந்து ஆசாரத்தில் உட்கார்ந்தார்கள். ஆசாரம் என்றால் எங்கள் பக்கத்து வீடுகளில் நடுக்கூடம். காட்டைப் பிரித்தார்கள்; வெள்ளாமை நிலத்தை நாங்கள் காடு என்போம். கிணற்றுக்கு ஆளுக்கொரு நாள் முறை வைத்தார்கள். வண்டியை விற்றுப் பிரிப்பதென்று முடிவானது. கடைசியில் மூலையில் இருந்த கம்ப்யூட்டரைப் பார்த்து ஒருவர் கேட்டார்.

“இது என்னப்பா?”

“கம்ப்யூட்டருங்க. போன் லைன்ல இருந்து இன்டர்நெட்டு வருதுங்க.”

“அப்ப ரெண்டு சாமான் ஆச்சு. பொட்டி பெரியவனுக்கு, லைனு சின்னவனுக்கு. சமமாப் போச்சு.”

நான் ஓரமாக நின்று, ஒன்றில்லாமல் ஒன்று ஓடாது என்று சொல்ல வாயெடுத்தேன். “பொட்டப்புள்ள சும்மா இரு” என்றார்கள். சும்மா இருந்தேன். எங்களிடம் லைன் இல்லாத கம்ப்யூட்டரும் சித்தப்பாவிடம் கம்ப்யூட்டர் இல்லாத லைனும் வருடக்கணக்கில் இருந்தன. அப்பா அதில் சீட்டாடினார். சித்தப்பா லைனை வெட்டிவிடுவார் என்று பார்த்தோம், வெட்டவில்லை. பங்கில் வந்ததை விடுவாரா?

சுவரை அப்பாதான் கட்டினார், ஆசாரத்துக்குக் குறுக்கே. ஒன்றரைக்கல் கனம். கொத்தனார், “ஊட்டுக்குள்ள கட்டறதுக்கு எதுக்குங்க இத்தனை? கோட்டைங்களா கட்டறோம்?” என்று கேட்டதற்கு, “அவன் இருமுனாக்கூட எனக்குக் கேக்கப்படாது” என்றார். அவருக்கு ஏற்கெனவே பாதிக் காது கிடையாது. அரைக்கல்லே போதுமாக இருந்திருக்கும். கூரை வரைக்கும் ஏற்றிப் பூசி முடித்த அன்று அம்மா சோறு தின்னவில்லை. எங்கம்மா ஒரு பேச்சுச் சொல்வாள்: “பங்காளி சண்டைல மொதல்ல கண்ணு போகும், அப்பறந்தான் காடு போகும்.” அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். சுவர் நின்றது.

அப்பா படுக்கையில் விழுந்ததும் நான் சங்ககிரியிலிருந்து தோட்டத்துக்கே வந்துவிட்டேன். என் தங்கை ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள். ஏழு வருடம் கழித்து உண்டாகியிருந்தாள். படுக்கையை விட்டு எழவே கூடாது, விமானம் நினைப்பே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாவுக்கோ சர்க்கரை கண்ணைத் தின்றுவிட்டிருந்தது. செல்போன் திரையில் மகள் அவருக்கு ஒரு வெளிச்சப் புள்ளி, அவ்வளவுதான். அந்தப் புள்ளியும் வீட்டுக்குள் வராது. எங்கள் தோட்டத்தில் சிக்னல் கிணற்று மேட்டில்தான் கிடைக்கும். படுத்திருக்கிறவரைக் கிணற்று மேட்டுக்கா தூக்கிக்கொண்டு போவது? பெரிய திரை வேண்டும், வீட்டுக்குள் நெட் வேண்டும்.

லைன் இழுக்கிறவர்கள் வந்து பார்த்தார்கள். கம்பம் சித்தப்பா காட்டில் இருந்தது. அவர் காட்டைத் தாண்டாமல் ஒயர் வராது, அவர் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்பாவிடம் சொன்னேன். “அவங்கிட்டக் கேட்டு அந்தப் புள்ள மூஞ்சியப் பாக்கறதுக்கு, நாங் கண்ண மூடிக்கறேன்” என்றார். உடனே ஒரு நிமிடம் மூடிக்கொண்டும் காட்டினார்.

கிணற்று மேட்டில் நின்று தங்கையிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது இரண்டு பேரும் அழுதுவிட்டோம். அன்றைக்குத் தண்ணீர் முறை அவர்களுடையது. சித்தி மோட்டார் போட வந்தவர் காதில் அது விழுந்திருக்க வேண்டும். மறுநாள் அதே இடத்துக்கு வந்து நின்றார். சுவர் எழுந்த பிறகு என்னோடு அவர் பேசிய முதல் பேச்சுதான், நான் தொடக்கத்தில் சொன்னது.

முதலில் திருச்செங்கோட்டுக் கடையில் நகக்கண் அளவுள்ள குட்டி அடாப்டரை வாங்கினேன். அப்பா கண்ணில் படக்கூடாதே. அது சொருகின இடம் தெரியவில்லை, வேலை செய்ததும் தெரியவில்லை. திரும்பப் போனேன்.

கடைக்காரர் கேட்டார்: “ஏனுங்கக்கா, எத்தனை சொவருங்க தாண்டோணும்?”

“ஒண்ணுதானுங்க. ஆனா எங்கப்பா கட்டுனது.”

அவர் சிரித்துவிட்டு, “அப்படின்னா கொம்பு வெச்சத எடுத்துக்கங்க” என்று ரெண்டு ஏண்டனா நீட்டிக்கொண்டிருந்த ஒன்றை எடுத்துப் போட்டார். “இதுல ரெண்டு அலைங்க. அஞ்சுன்னு காட்டறது வேகமா ஓடும், ஆனா சொவரக் கண்டா மொடங்கிக்கும். ரெண்டு புள்ளி நாலுன்னு காட்டறது மெதுவாப் போகும், ஆனாப் போய்ச் சேந்துரும். உங்களுக்கு மெதுவாப் போறதுதாங்க செட்டாகும்.”

“எங்க குடும்பத்துக்கே அதுதானுங்க செட்டாகும்” என்றேன்.

தோழிக்கும் இதையேதான் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பின்னால் சொருகி வைத்தால் இரும்புத் தகட்டுக்குப் பின்னால் ஒளிந்த மாதிரி ஆகிவிடும், ஒரு நீட்டு ஒயர் போட்டுச் சுவர் பக்கமாகக் கொண்டுபோய் வை. பழைய கம்ப்யூட்டராக இருந்தால் அதற்கு ஒத்துவருமா என்று கேட்டுக்கொண்டு வாங்கு. தொட்டால் சுடும், பயப்படாதே. இதில் இதற்கு மேல் வித்தை ஒன்றும் இல்லை.

சுவரில் ஆணி அடித்து அடாப்டரைத் தொங்கவிட்டேன். நீல விளக்கு மினுக்கென்று எரிந்தது. சித்தப்பா வீட்டு லைனின் பெயர் திரையில் வந்தது, ஒரே ஒரு கோடோடு.

“அதென்ன நண்டாட்டம்?” என்றார் அப்பா.

“டிவி ஏண்டனாங்கப்பா.”

ஞாயிற்றுக்கிழமை தங்கை திரையில் வந்தாள், தலைமாட்டில் வைத்த திரை முழுக்க. அப்பா வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “மேல தூக்கிக் கட்டுன கொண்டையுங் கண்ணாடியுமா, என்ற ஆத்தா மாதிரியே இருக்கறா” என்றார். அவருடைய ஆத்தா கண்ணாடி போட்டதே இல்லை. தங்கை சிரித்துச் சிரித்துப் படுக்கையில் புரண்டாள், டாக்டர் சொன்னது மறந்துபோய்.

அவள் போன பிறகு கேட்டார்: “இது எப்படி வந்துச்சு?”

“தானா வந்துருச்சுங்கப்பா.”

“தானா வரதுக்கு அதென்ன மழையா?”

அதற்கு மேல் கேட்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குக் காலையிலேயே தாடி மழிக்கச் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகள் அதிகம் இல்லை. ஒரு விடியற்காலை, காப்பித் தண்ணி கேட்டவர் நான் கொண்டுவருவதற்குள் போய்விட்டார். கிணற்று மேட்டுக்கு ஓடித் தங்கைக்குச் சொன்னேன். அவள் அலறவில்லை. வயிற்றில் பிள்ளை இருப்பதால் அடக்கிக்கொண்டாள் என்று நினைக்கிறேன். “அக்கா, மூஞ்சிய ஒருக்காக் காட்டீரு. அது போதும்” என்றாள்.

ஆசாரத்தில் படுக்க வைத்தோம். கம்ப்யூட்டரை எதிரே கொண்டுவந்து, திரை மேல் மாட்டியிருந்த கேமராவை முகத்துக்கு நேராகத் திருப்பினேன். அடாப்டரில் விளக்கு எரிந்தது. திரையில் லைனின் பெயர் இல்லை. பிடுங்கிச் சொருகினேன். வேறு ஓட்டையில் சொருகினேன். கொம்புகளை இப்படியும் அப்படியும் திருப்பினேன். செல்போனில் ஒரு படமாவது எடுக்கலாம் என்று நீட்டினேன். “செத்த மூஞ்சியப் படம் புடிக்கப்படாது, பொத்திக்கிட்டு வை” என்று ஒரு பெரியவர் கையைத் தட்டிவிட்டார்.

சித்தப்பா வந்திருந்தார். சாவென்றால் எத்தனை பகை இருந்தாலும் பங்காளி வந்துதான் ஆக வேண்டும். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நின்றார். இவர் கண்டுபிடித்து நிறுத்திவிட்டார் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அந்த மனிதரிடம் போய் வாய்திறந்து கேட்பதா? நானும் எங்கப்பன் பெண்தானே. மறுபடி பிடுங்கிச் சொருகினேன். குளிப்பாட்டினார்கள், மாலை போட்டார்கள், வாய்க்கரிசி போட்டார்கள். எடுத்துவிட்டார்கள். பாடையின் முன்கால் தூக்கியது சித்தப்பா.

ஆண்கள் போனதும் நாங்கள் வீட்டைக் கழுவிவிட்டோம். சித்தி ஈரச் சேலையோடு, விளக்குமாறும் கையுமாக என் பக்கத்தில் வந்தார்.

“ஏஞ்சாமி, பாப்பாளுக்குக் காட்டுனயா? நல்லாப் பாத்தாளா?”

“லைன் வரலீங்க சித்தி.”

சித்தியின் முகம் மாறியது. “நாந்தான் புடுங்கி வெச்சேன்” என்றார். “சாவு உழுந்துபோச்சுன்னு கேட்டதீம் டிவிய நிறுத்தித் துணி போட்டேன். பொறத்தாண்ட டப்பாவும் மினுக்கு மினுக்குன்னு எரிஞ்சுதா… எழவுக்கு எரியலாமான்னுட்டு… அது வேற, இது வேறயா சாமி?”

எங்கள் பக்கம் சாவு விழுந்தால் பங்காளி வீட்டிலும் அடுப்பு எரியாது, டிவி ஓடாது. காட்டையும் கிணற்றையும் கம்ப்யூட்டரையும் பிரித்துக் கொடுத்த பெரியவர்கள் தீட்டைப் பிரிக்க மறந்துவிட்டார்கள். ஒன்றரைக்கல் சுவருக்கு அந்தப் பக்கம், எங்கப்பாவுக்காக ஒரு வீடு இருட்டாகக் கிடந்திருக்கிறது. அதனால்தான் அவர் பெண் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இதை யார்மேல் வைத்து அழுவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

இப்போது தோட்டத்தில் யாரும் இல்லை. நான் சங்ககிரிக்குத் திரும்பிவிட்டேன். சித்தப்பாவும் சித்தியும் மகனோடு ஓசூர் போய்விட்டார்கள். சுவருக்கு இரண்டு பக்கமும் பூட்டு. கிணற்றில் யார் முறை என்று கேட்க ஆளில்லை. தங்கைக்குப் பெண் பிறந்தது. கூட்டிக்கொண்டு வருகிறேன் என்கிறாள். எந்த வீட்டுக்கு என்று நான் கேட்பதில்லை.

அன்று சித்தி விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடினார். வாசலைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் டப்பாவைச் சொருகிவிட்டு, மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். லைனின் பெயர் வந்தது. தங்கை வந்தாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஈரத் தரையும் ஒரு வெறும் பெஞ்சும்தான். “அப்பா எங்கக்கா?” என்றாள்.

சித்தி என்னை நகர்த்திவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்தார். அதற்கு முன் அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததில்லை. முகத்தைத் திரைக்கு மிக அருகில் கொண்டுபோனார். நெற்றிப்பொட்டு மட்டும்தான் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

“பாப்பா, அழுகாதே. நாஞ் சொல்றேன் கேளு. மூத்தாருன்னு இத்தன வருசமா அவரு எதுக்க நின்னதில்ல, இன்னைக்குத்தாஞ் சாமி மூஞ்சிய நல்லாப் பாத்தேன்” என்றார். “தலைல எண்ண வெச்சுப் படிய வாரியிருந்துச்சு. இந்தப் பக்கம் மட்டும் கொஞ்சம் முடி நின்னுக்கிட்டு இருந்துச்சு, நாந்தான் நீவி உட்டேன்…” என்று தொடங்கி, நெற்றி, புருவம், மூடியிருந்த கண், மூக்கு, உதடு என்று ஒவ்வொன்றாக, அவசரப்படாமல், கால் விரல் வரைக்கும் சொன்னார்.