கடைசி பெஞ்சில் எங்கள் அக்கா

எங்கள் அக்கா செகந்திராபாத் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தார். ஜோலார்பேட்டையிலிருந்து ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்த அப்பாவுக்கு நாங்கள் இரண்டே பேர். அப்பா சீக்கிரம் போய்விட்டார். டியூஷன் எடுத்துத் தானும் பி.எட். முடித்து, என்னையும் படிக்கவைத்தவர் அக்கா. இது உறவுகளுக்குத் தெரியும். தெரிந்தும் யாரும் பேசாததை எழுதுகிறேன்.

செகந்திராபாத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஓய்வு பெறும்வரை அக்கா இயற்பியல் நடத்தினார். ஞாயிற்றுக்கிழமைகளில் மல்காஜ்கிரி வீட்டு ஹாலில் இன்னொரு வகுப்பு. ஹைதராபாத் பழைய நகரத்து முஸ்லிம் பெண்கள் வருவார்கள். எல்லோரும் அறிவியலில் பட்டமும் பி.எட்.டும் வாங்கியவர்கள். பெரிய பள்ளிகள் அவர்களை இன்டர்வியூவோடு அனுப்பிவிடும். அவர்களைப் பாடம் நடத்தச் சொல்லிவிட்டு, அக்கா கடைசியில் உட்கார்ந்து பிள்ளை மாதிரி கை தூக்குவார். தெலுங்கில் கேட்பார், உருதுவில் கேட்பார். கேட்ட பாஷையிலேயே பதில் வர வேண்டும்.

"புரியாத பிள்ளைக்கு முதல்ல அதோட பாஷையில சொல்லு. அப்புறம் இங்கிலீஷ்" என்பார்.

"வீட்டுக்கு வந்தா சோபாவுல உக்கார இடமில்லையேடி, பூரா புர்கா" என்றார் ஒரு பெரியம்மா.

"உக்காருங்க பெரியம்மா, உங்களுக்கும் டெஸ்ட் வைக்கிறேன்" என்றார் அக்கா. பெரியம்மா அப்புறம் வரவில்லை.

அந்த வகுப்பில் கெட்டிக்காரி நஸீம். தான் ஓய்வு பெறும்போது தன் இடத்தை நஸீமுக்குக் கொடுக்கும்படி பள்ளியின் கரஸ்பாண்டெண்டிடம் அக்கா கேட்டார். அவரும் தமிழர்தான், மெட்டுகுடாவில் எங்களோடு வளர்ந்தவர். டெமோ வகுப்பு எடுக்கட்டும் என்றார்.

நஸீம் டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி, அட்டையால் மூடிக் கவிழ்த்தார். தண்ணீர் விழவில்லை. இங்கிலீஷில் நன்றாகவே நடத்திக்கொண்டிருந்தார். கடைசி பெஞ்சிலிருந்த அக்கா பழக்கத்தில் கையைத் தூக்கிவிட்டார்.

"டீச்சர், பானி கைக்கு நை கிர்ரா?" தண்ணீர் ஏன் விழவில்லை என்று கேள்வி.

நஸீமும் பழக்கத்தில் உருதுவிலேயே, கீழேயிருந்து காற்று தாங்குவதை விளக்கினார். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

பிறகு கரஸ்பாண்டெண்ட் ரூமில் நடந்ததை அக்கா என்னிடம் சொன்னார்.

"என்ன டீச்சர் இது? ஹைடெக் சிட்டி வந்தப்புறம் பேரண்ட்ஸ் பூரா சாஃப்ட்வேர்காரங்க. கிளாஸ்ல உருது பேசினா பசங்களை வேற ஸ்கூல்ல போட்ருவாங்க."

"கேட்டது நான்தானே? நானும் இத்தனை வருஷமா இப்படித்தானே நடத்தறேன்?"

"நீங்க நம்மாளு டீச்சர்."

அந்த வேலை, ஒரு நாள்கூட வகுப்பெடுத்திராத ஒருவருக்குப் போனது. கணவர் சாஃப்ட்வேர் கம்பெனியில் மேனேஜர். அந்த அம்மாவுக்கு இங்கிலீஷ் பிரமாதமாம். அக்கா தன் பிரிவு உபசார விழாவுக்குப் போகவில்லை. புற்றுநோயில் படுத்த பிறகும் அதே பேச்சுதான். கஞ்சி கொடுக்க வந்த நஸீமிடம், "நான் கையைத் தூக்காம இருந்திருக்கலாம்" என்றார்.

"நக்கோ மேடம், ஐசா நக்கோ போலோ" அப்படிச் சொல்லாதீர்கள் என்று நஸீம் அவர் வாயைத் துடைத்துவிட்டார்.

ரத்தம் கொடுத்த மல்காஜ்கிரி நண்பர்களுக்கு நன்றி. கடைசிவரை கூட இருந்த நஸீமுக்கு நன்றி. பள்ளியிலிருந்து மலர்வளையம் வந்தது. நான் வாங்கவில்லை, நன்றியும் இல்லை.

நஸீம் இன்றும் வீட்டில் டியூஷன்தான் எடுக்கிறார். இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் பள்ளி நடத்துகிறவர்களும் இருக்கிறீர்கள். அக்காவின் படத்தை உங்கள் பள்ளியில் மாட்ட வேண்டாம். நஸீமை வகுப்பெடுக்கக் கூப்பிடுங்கள். நீங்கள் கடைசி பெஞ்சில் உட்காருங்கள். எந்தப் பாஷையிலாவது கை தூக்கிக் கேளுங்கள். பதில் வரும்.

தம்பி