பால்ராஜ் வளர்த்த புழுக்கள்

புழுவைத் துணியில் ஒற்றி, நகைக்கடைத் தராசில் கிடத்திவிட்டு, பால்ராஜ் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். மூச்சுக் காற்று பட்டால் எண் மாறிவிடுமாம். எண் நிலைத்ததும், "இன்னா நைனா, நேத்திக்கு இன்னிக்கி ஊதிக்கினு கீற?" என்று விசாரித்துவிட்டுத்தான் எடையைக் குறித்துக்கொள்வார்.

கள்ளிக்குப்பத்தில் எங்கள் எதிர்வீட்டுக்காரர். தனியார் கல்லூரி ஒன்றில் விலங்கியல் ஆசிரியர். நரை தட்டிய பிறகு முனைவர் பட்டத்துக்குப் பதிந்தார். கல்லூரியில் இடம் தராததால், பழவேற்காட்டுச் சேற்றில் பிடித்த கடற்புழுக்கள் அவர் பால்கனியில் இரண்டு தொட்டிகளில் குடியிருக்கின்றன. துணி காயப்போட அவர் மனைவி ஜெயசீலி என் வீட்டு மாடிக்கு வருகிறார்.

விஷயம் இதுதான். கடல்நீரில் நல்ல தண்ணீரைக் கலந்தால் புழு அதை உள்ளே இழுத்து உப்பிவிடும். பிறகு மெல்ல மெல்லப் பழைய எடைக்கு இளைக்கும். அப்படி இளைக்கச் சொல்வது மூளையில் ஊறும் ஒரு ஹார்மோன் என்று பால்ராஜ் காட்ட வேண்டும். அதற்கு இரண்டாம் தொட்டிப் புழுக்களின் மூளையை, அதன் மேலேயே இருக்கும் கண்களோடு சேர்த்து, வெட்டி எடுத்துவிட வேண்டும். அவை உப்பியபடியே கிடந்தால் பட்டம் கையில்.

இந்த ஆராய்ச்சி மனிதர்களையும் விடவில்லை. மளிகைக்கடை கோதண்டத்தின் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, குழி விழுந்தால், "உப்ப கொறை அண்ணாத்தே" என்பார். ஜெயசீலிக்கு இதில் தீராத மனத்தாங்கல். "ஊர்ல கீற காலெல்லாம் பாப்பாரு. எங்காலு வீங்குனா தைலம் தேய்ம்பாரு. புழு வீங்குனா மட்டும் காலேஜுக்கு லீவு போட்றாரு."

சிக்கல் பிளேடில் வந்தது. எடுத்தார், வைத்தார், திரும்ப எடுத்தார். பிறகு என்னிடம் வந்து உட்கார்ந்தார். "நாலு கண்ணு சார் அதுக்கு. நாலாலயும் என்னியே பாக்குது. நா எப்டி கை வெக்கறது?" கை வைக்கவில்லை. ஆனால் வழிகாட்டிப் பேராசிரியர் ரகுநாதனிடம், மூளையை எடுத்தாயிற்று என்று போனில் சொல்லிவிட்டார். பாவி மனுஷன்.

எடையை நேரில் பார்க்கிறேன் என்று ரகுநாதன் கிளம்பிவிட்டார். முந்தின நாளே இரண்டு தொட்டியிலும் நல்ல தண்ணீர் கலந்தாகிவிட்டது. இரண்டாம் தொட்டியருகே பால்ராஜ் குந்திக்கொண்டு கெஞ்சியதை நானே கேட்டேன். "சார் வந்துட்டு போறவரிக்கும் ஊதிக்கினே இருங்க நைனா. இளைச்சிடாதீங்க. உங்க தலைய நா காப்பாத்துனேன், எந்தலைய நீங்க காப்பாத்துங்க."

புழுக்களுக்கு நன்றி கிடையாது. இரண்டு தொட்டியிலும் எல்லாம் கச்சிதமாக இளைத்திருந்தன.

ரகுநாதனுக்குப் புழு என்றால் அருவருப்பு. பால்கனி வாசலில் கைக்குட்டையும் மூக்குமாக நின்று, தராசின் எண்ணை மட்டும் பார்த்தார். தொட்டியிலிருந்த புழுக்களோ வழக்கம்போல், குடியிருக்கப் போட்ட குழாய்த் துண்டுகளுக்குள் தலையை மறைத்துக்கொண்டிருந்தன. இரண்டாம் தொட்டியின் எடையைப் பார்த்ததும் கைக்குட்டை கீழே இறங்கியது.

"மூளையே இல்லாம இளைச்சிருக்கு பால்ராஜ். இதுவரைக்கும் யாருமே சொல்லாத விஷயம். உங்களுக்குப் பட்டம் நிச்சயம். நான் இதை வெளிநாட்டு மாநாட்டுல படிக்கிறேன்."

காப்பியோடு நின்ற ஜெயசீலி, "அப்போ இவுரு டாக்டருங்களா?" என்றார்.

"டாக்டர்தாம்மா."

அந்த அம்மாள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததே இல்லை. வாயை மூடிக்கொண்டிருங்களேன் என்று எனக்கே பால்ராஜிடம் சொல்லத் தோன்றியது.

பால்ராஜ் மனைவியைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். பிறகு கையை நீரில் விட்டு ஒரு குழாயை எடுத்தார். அதிலிருந்த புழுவை நோகாமல் உள்ளங்கையில் இறக்கி, தலைப்பக்கத்தைப் பேராசிரியருக்கு நேராகத் திருப்பி, மறுகையால் லென்ஸை அவரிடம் நீட்டினார்.