என் வாயைப் பரிசோதித்த கருவாட்டுப் பெண்கள்

ஐம்பதுகளின் கடைசியில் நான் கோட்டைப்பட்டினம் பக்கத்துச் சுகாதார இன்ஸ்பெக்டர். அரசாங்கம் சைக்கிளும் டார்ச் லைட்டும் கொடுத்தது. மூளையை நானே கொண்டுவருவேன் என்று நம்பியது, அங்கேதான் ஏமாந்தது.

அம்மை குத்துவதும் கிணற்றில் மருந்து போடுவதும்தான் உத்தியோகம். வாய்ப்புற்றைப் பற்றிப் பேச யாரும் உத்தரவு போடவில்லை. ஆனால் கடற்கரையில் கருவாடு காயவைக்கும் பெண்கள் விடிந்ததிலிருந்து கன்னத்தில் புகையிலையை அடக்கியபடியே வேலை செய்வார்கள். ஆறாத புண்ணோடு காலம் கடந்து ஆஸ்பத்திரிக்குப் போன இரண்டு பேர் திரும்பவில்லை. அதனால் அம்மை குத்திய கையோடு புகையிலைப் பிரசங்கமும் செய்தேன்.

ஒரே ஒரு குறை. எந்த வீட்டுக்குப் போனாலும் வெற்றிலைத் தட்டு வரும், புகையிலையோடு. தொடாமல் எழுந்தால் வீட்டுக்காரருக்கு அவமரியாதை. நானோ மரியாதை தெரிந்தவன். ஆகவே புகையிலையை மென்றுகொண்டே அதன் கேடுகளை விளக்கினேன்.

அந்தப் பெண்களில் ஒருத்திக்கு இடது கன்னம் வீங்கியிருந்தது. வாயைத் திறக்கச் சொன்னேன்.

“மொதல்ல நீங்க தொறங்க சார்.”

திறந்தேன். என் டார்ச்சைப் பிடுங்கி உள்ளே அடித்தாள்.

“அடியாத்தீ! இங்கிட்டு வந்து பாருங்கடி, சார் வாயி செங்கச்சூளை மாதிரில்ல இருக்கு!”

“கடவாயில ஒரு உருண்டைய வேற பதுக்கி வச்சிருக்காரு!” என்றாள் இன்னொருத்தி.

“எட்டு நாளு இதத் தொடாம இருந்து காட்டுங்க. பெறகு நான் தொறக்குறேன்,” என்றாள் கன்னம் வீங்கியவள்.

“அதுவரைக்கும் புண்ணு காத்திருக்குமா ஆத்தா?”

“அப்ப வெரசாத் துப்புங்க.”

துப்பினேன். அந்த எட்டு நாளும் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தேன். வந்த தட்டையெல்லாம் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினேன், ஒரு வீட்டில் “என்ன கோவம் எங்க மேல?” என்றே கேட்டுவிட்டார்கள். தினமும் காலையில் கடற்கரைக்குப் போய் வாயைக் காட்டினேன். அம்மை குத்த வந்தால் ஓடி ஒளிகிற பிள்ளைகள்கூட அப்போது என்னை வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

ஒன்பதாம் நாள் அவள் திறந்தாள். வெள்ளையாகத் தடித்த திட்டு, நடுவில் புண்.

“பொழச்சுக்குவேனா சார்?”

“இன்னைக்கே பஸ் ஏறுனா பொழச்சுக்குவ.”

அவளையும் அவள் புருஷனையும் அழைத்துக்கொண்டு மதுரைக்குப் போனேன். பரவுவதற்குள் வந்துவிட்டீர்கள் என்று சொல்லி, டாக்டர்கள் புண்ணை அறுத்தெடுத்தார்கள்.

திரும்பி வந்தவளுக்குச் சிரித்தால் வாய் ஒரு பக்கம் இழுத்தது. அதற்காகச் சிரிப்பைக் குறைத்துக்கொள்ளவில்லை. பிறகொரு நாள் நான் போனபோது, பெண்களை வெயிலைப் பார்த்து நிற்கவைத்து, அவளே ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் தனியே உட்கார்ந்திருந்தார்கள்.

“இவுக ரெண்டு பேரையும் இன்னைக்கே கூட்டிட்டுப் போங்க சார். நாளைக்குன்னு சொன்னீங்கன்னா விடமாட்டேன்.”

எனக்கு மேலே எத்தனையோ அதிகாரிகள் இருந்தார்கள். நான் பெருமையோடு கீழ்ப்படிந்த உத்தரவு அது ஒன்றுதான்.