அத்துமானியின் இடது காது

மயோட் தீவில் மொயினாவின் விரலுக்குப் பயந்து விமானத்துக்கு ஓடிய மந்திரிகள் உண்டு. துப்பாக்கி இல்லை, கல் இல்லை, ஒரு கெட்ட வார்த்தைகூடக் கிடையாது. பத்துப் பதினைந்து பெண்கள், முகத்தில் சந்தனத்தை அப்பிக்கொண்டு, பாடிக்கொண்டே வந்து மரியாதையாகச் சூழ்ந்துகொள்வார்கள். அப்புறம் கிச்சுகிச்சு மூட்டுவார்கள். அக்குள், விலா, இடுப்பு, ஒன்றும் பாக்கி இருக்காது. வந்த பெரிய மனிதர் நெளிந்து, குழைந்து, கண்ணில் தண்ணீர் வழிய, "தாயே, விட்ருங்க தாயே" என்று கெஞ்சிக்கொண்டு வந்த வழியே திரும்புவார். போலீஸில் என்னவென்று புகார் கொடுப்பது? சிரிக்க வைத்தார்கள் என்றா?

எல்லாம், பக்கத்துத் தீவிலிருந்து அந்த மந்திரிகளை அனுப்பிய மொரோனிக்காரர்கள் மேலிருந்த ஆத்திரம். ஒரு காலத்தில் ஒரு சுல்தான், வருசா வருசம் பணம் வரும் என்று இந்தத் தீவைப் பிரெஞ்சுக்காரனுக்குக் கைமாற்றிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு பக்கத்துத் தீவுகள் மூன்றும் அதே கையில் விழுந்தன. நாலுக்கும் தலைநகரம் இங்கேதான் இருந்தது. நூறு வருசத்துக்கு மேல் இருந்த அதைப் பெயர்த்து, பெரிய தீவிலிருக்கும் மொரோனிக்குக் கொண்டுபோனார்கள். மேசை போனது, நாற்காலி போனது, அதில் உட்கார்ந்திருந்த புருசன்மாரும் கூடவே போனார்கள். அந்த மூன்று தீவுகளும் பிரான்ஸை விட்டுப் பிரியணும் என்று கிளம்பியபோது, "நீங்க போங்க, நாங்க வரல" என்று இந்தப் பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். வெள்ளைக்காரன் மேல் ஆசையா? அட போங்க!

போன குமாஸ்தாக்களில் மொயினாவின் புருசன் அத்துமானியும் ஒருவன். அவனுடைய தகரப் பெட்டி மட்டும் அவள் கட்டிலுக்கடியில் கிடந்தது. இங்கே வீடு பெண்ணுடையது. அப்பன் மகளுக்குக் கட்டிக்கொடுப்பான். புருசன் ஒரு பெட்டியோடு வந்து சேருவான். பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டால் கல்யாணம் முடிந்தது. மொயினா வைக்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் தூசி தட்டி உள்ளேயே தள்ளினாள்.

மந்திரிகள் வரிசையாக மூக்குடைபட்டதும் மொரோனியில் யோசித்து ஒரு ஆளைப் பிடித்தார்கள். பிறந்ததிலிருந்து சிரித்ததே இல்லை என்று பேர் வாங்கிய ஆள். இங்கே தங்கள் ஆபீசைத் திறந்தே தீருவது என்று அவனை அனுப்பினார்கள். விமானத்திலிருந்து இறங்கியது அத்துமானி.

பெண்கள் பாய்ந்தார்கள். அவன் இடிச்ச புளி மாதிரி நின்றான். மொயினாவின் கூட்டாளி தொயிஃபா விலாவில் இரண்டு கையாலும் வேலை செய்துவிட்டு மூச்சு வாங்கினாள். அத்துமானி சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, "முடிஞ்சுதா?" என்றான்.

"ஏடி மொயினா, இது மனுசனா மரமாடி? எப்பிடிடி இதோட குடும்பம் நடத்துன?"

மொயினா கூட்டத்தில் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாள். இடது காது மடலுக்குப் பின்னால் விரல் பட்டால் அந்த மரம் என்ன ஆகும் என்று உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

மத்தியானம் அவன் வீட்டுக்கு வந்தான். மரவள்ளிக்கீரையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்து வைத்திருந்தாள். இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு, "என் காது விசயத்தை யாருகிட்டயும் சொல்லிடாத. நாளைக்கு ஆபீசைத் திறந்துட்டேன்னா என்னைப் பெரிய ஆளாக்கிடுவாங்க. மொரோனியில கல் வீடு கட்டியிருக்கேன். நீயும் வந்துரு" என்றான்.

"யாரு வீடு?"

"என் வீடுதான்."

"உன் வீட்ல நான் வந்து இருக்கணுமா? யோவ், எந்த ஊர்லய்யா நடக்கும் இந்த அநியாயம்! நாளைக்கு ஒரு சண்டைன்னா யாரு பெட்டியை யாரு வெளியே வைக்கிறது?"

"அப்போ நான் வேண்டாமா உனக்கு?"

வேண்டும். அதுதான் கஷ்டம். நாலு வருசமாக வேண்டும் வேண்டும் என்றே கிடந்தவள். "வேணும்யா. இங்க வேணும்" என்றாள். அவன் எழுந்து போய்க் கை கழுவினான்.

மறுநாள் ஆபீஸ் வாசலில் மேடை போட்டு அவன் பேசினான். "இனிமே இந்தத் தீவுல மொரோனி வச்சதுதான் சட்டம்" என்றபோது மொயினா மேடையேறினாள். தொப்பி கோணியிருக்கிறது, சரிசெய்யப் பெண்டாட்டி வருகிறாள் என்று அவனே குனிந்து கொடுத்தான். பாவி மனுசன்! அவள் விரல் காதுக்குப் பின்னால் போனது.

"ஹீ... ஹீ... ஏய், விடுடி!"

அவ்வளவுதான், மரம் விழுந்துவிட்டது. பெண்கள் மொய்த்தார்கள். ஒரு இடம் திறந்ததும் அத்தனை இடமும் திறந்துகொண்டது. ஒரு செருப்பை விட்டுவிட்டு விமானத்துக்கு ஓடினான். ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. ஜன்னலில் தெரிந்த முகம் சிரிக்கிறதா அழுகிறதா என்று மொயினாவுக்குப் புரியவில்லை.

"பெட்டியை வாசல்ல வச்சிரட்டுமா?" என்றாள் தொயிஃபா.

"கையை வச்சே, ஒடிச்சிருவேன்."

பிரான்ஸோடு இருப்பதா பிரிவதா என்று ஓட்டெடுப்பு வந்தது. மூன்று தீவுகள் போயின, மயோட் நின்றது. மொரோனி வேறு நாடாகிவிட்டது. அத்துமானியின் கோபம் ஆறச் சில வருசம் பிடித்தது. பிறகு ஒவ்வொரு பெருநாளுக்கும் படகேறி வந்து, கீரை சாப்பிட்டு, பெட்டியைத் திறந்து பழைய சட்டையை மாட்டிக்கொண்டு பத்து நாள் இருந்துவிட்டுப் போவான். ஒருநாள் பாரிஸில் யாரோ கையெழுத்துப் போட்டார்கள். அந்தப் பக்கத்துக்காரன் வரவேண்டுமானால் விசா. கிழவனுக்கு யார் கொடுப்பார்கள்? பல வருசம் வரவில்லை.

கடைசியில், மிச்சமிருக்கிற நாளை அவள் வீட்டில் கழிக்கிறேன் என்று கள்ளப் படகில் வந்து, கரையிலேயே பிடிபட்டான்.

மொயினா தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். கூடவே கைத்தடி ஊன்றித் தொயிஃபா. திருப்பியனுப்பக் கப்பலேற்றக் காத்திருந்த வரிசையில், வற்றிப்போய், தொப்பியைப் பிடித்தபடி அத்துமானி நின்றான்.

துறைமுக வாசலில் நெடுநெடுவென்று ஒரு பிரெஞ்சுக் காவலன், பிள்ளை வயசு.

"தம்பி, இவன் என் புருசன்" என்றாள் மொயினா.

"பேப்பர் இருக்கா பாட்டி?"

"பேப்பரா? இதோ பாரு, பெட்டி! அம்பது வருசமா என் கட்டிலுக்கடியில இருக்கு. இதுக்கு மேல என்னடா சாட்சி வேணும்?"

"பெட்டியெல்லாம் செல்லாது பாட்டி."

கிழவிகள் இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். தொயிஃபா கைத்தடியைச் சுவரில் சாய்த்தாள். "இவன் எம்மாத்திரம்! மந்திரியையே ஓட்டினவங்கடா நாங்க" என்று மொயினா இரண்டு கையையும் அவன் விலாவில் வைத்தாள்.

விரல் இறங்கவில்லை. குண்டு துளைக்காத சட்டை. கதவுப் பலகையைச் சுரண்டுவதுபோல் இருந்தது. காதைப் பார்த்தாள், அது எட்டாத உயரத்தில் இருந்தது. பையன் கோபப்படவில்லை. "எனக்குக் கூச்சமே தெரியல பாட்டி" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"அன்னைக்கு என் கையாலதான்டி அவனை அனுப்பினேன்" என்றாள் மொயினா. தொயிஃபா சுவரில் சாய்த்த கைத்தடியை எடுத்துக்கொண்டாள்.

வரிசை வாசல் பக்கமாக நகர ஆரம்பித்தது. மொயினா அத்துமானியிடம் போய்க் கோணியிருந்த தொப்பியைச் சரிசெய்தாள். தெரிந்தேதான் அவன் குனிந்து கொடுத்தான்.

"ஹீ... ஹீ... விடுடி, விடு!"

கப்பலின் படி ஏறும்வரை அந்தச் சிரிப்பு கேட்டது. அவள் பெட்டியை அவனிடம் கொடுக்கவில்லை. தலையில் வைத்துத் திரும்பச் சுமந்துவந்து, தூசி தட்டி, கட்டிலுக்கடியில் தள்ளினாள்.