மேல் ஓரத்தில் விழுந்த பிறைகள்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். எனக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் அந்தப் பிலிம் துண்டு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. கட்டுக்கதை விட எனக்கென்ன தலையெழுத்தா?

1986 பிப்ரவரி. அமெரிக்காவின் டுலூத் நகரில் ஏரி பனிக்கட்டியாய் இறுகிக் கிடந்த மாதம். நான் வெர்னா. ஒரு போட்டோ லேபில் பிலிம் கழுவுவது என் வேலை. இருட்டறைக்குள் போய் ரோலைப் பிரித்து, கம்பிச் சுருளில் சுற்றி, டப்பாவில் போட்டு மூட வேண்டும். மூடிய பிறகுதான் விளக்கு. அதற்கு முன்னால் விளக்கைப் போட்டால் பிலிம் கறுத்து அத்தனை படமும் அழிந்துபோகும்.

மூன்று வாரமாக, கழுவி வந்த நெகட்டிவ்களில் பிறை பிறையாகக் கறுப்புத் தழும்பு. சுற்றும்போது விரல் அழுத்திப் பிலிம் மடங்கினால் அப்படி விழும். கல்யாணப் பெண்ணின் கன்னத்தில் பிறை. ஞானஸ்நானக் குழந்தையின் கண்ணில் பிறை. முதலாளி மெர்ல் ஸ்டாட்லர் எல்லோர் முன்னாலும் கத்தினார்.

“கையா அது, விறகுக்கட்டையா? இன்னும் ஒரு ரோல் கெட்டா கோட்டை மாட்டிக்கிட்டுக் கிளம்பு. அப்புறம் இந்த ஊர்ல எந்த லேப்லயும் உனக்கு வேலை கிடைக்காது. நான் பாத்துக்கறேன்.”

எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. வேறு லேப்களிலும் இப்போது இங்கேயுமாகப் பதினாறு வருஷம் பிலிம் சுற்றிய கை இது. செய்யாத தப்புக்கு நான் ஏன் தலைகுனிய வேண்டும்?

காரணத்தை நானே தேடினேன். இருட்டில் இரண்டு வெற்று ரோல்களை வேண்டுமென்றே கெடுத்தேன். ஒன்றை வலது கையால் சுற்றினேன். மற்றதை இடது கையால். கழுவிப் பார்த்தேன். வலது கைப் பிறைகள் கீழ் ஓரத்தில் விழுந்திருந்தன. இடது கைப் பிறைகள் மேல் ஓரத்தில். கெட்டுப்போன கஸ்டமர் நெகட்டிவ்கள் எல்லாவற்றையும் விளக்குப் பலகையில் பரப்பினேன். ஒன்று விடாமல் மேல் ஓரம்!

நான் வலது கைக்காரி. லேபில் இடது கைக்காரர் ஒரே ஒருவர்தான். மெர்ல்.

நெகட்டிவ்களை அள்ளிக்கொண்டுபோய் அவர் மேஜையில் கொட்டினேன்.

“எனக்குத் தெரியாம உள்ள போய் என்ன பண்றீங்க?”

திருப்பிக் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

“அந்த ரூம்ல நான் கால் வெச்சுப் பதினோரு வருஷம் ஆச்சு” என்றார், என் முகத்தைப் பார்க்காமல். பிறகு ஒரு ரோலை என் பக்கம் தள்ளினார். “ஹால்வர்சன் அம்மாவோடது. புருஷன் ஐஸ் உடைஞ்சு ஏரிக்குள்ள போனாரே, அவர் வண்டியில இருந்த கேமராவுல கிடைச்சது. கடைசிப் படங்க. இதுல ஒரு பிறை விழட்டும், நீ காலி.”

காலை 11:38. இருட்டறைக்குள் நுழைந்தேன்.

எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் மேல் ஒருவர் மோதிக்கொள்ளாமல் இருக்க, உள்ளே வருகிறவர் தன் பெயரைச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே உள்ளே இருப்பவர் தன் பெயரைச் சொல்ல வேண்டும்.

“வெர்னா” என்றேன். பதில் இல்லை. தாழ்ப்பாள் போட்டேன். விளக்கை அணைத்தேன். ரோலைத் திறந்து பிலிமை வெளியே இழுத்தேன்.

“ஐரீன்.”

கழுவும் தொட்டிப் பக்கமிருந்து வந்தது. பெண் குரல்.

எனக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. எனக்குப் பதிலாக மெர்ல் ஆள் பிடித்து உள்ளே ஒளித்து வைத்திருக்கிறார்!

“ஓகோ! நீதானா என் பிலிமையெல்லாம் நாசம் பண்றவ?”

டிக்... டிக்... டிக்...

கம்பிச் சுருள் சுற்றும் சத்தம்.

கோபத்தில் என் புத்தி கெட்டது. “அவ்வளவு கெட்டிக்காரியா நீ? இந்தா, நீயே சுத்து! கெட்டா உன் முதலாளி பதில் சொல்லட்டும்!” என்று சுருளையும் பிலிமையும் இருட்டில் நீட்டினேன்.

வாங்கிக்கொண்டாள்.

விரல்கள் என் கையில் பட்டன. ஐஸ். அவற்றில் ஒரு விரல்... குட்டை.

கையை வீசித் தேடினேன். பக்கத்தில் யாரும் இல்லை. சுவர் வரை தேடினேன். யாருமே இல்லை.

டிக்... டிக்...

என் கை சுவிட்சுக்குப் போனது.

“விளக்கைப் போடாதே.”

காதுக்குப் பக்கத்தில்.

“அவன் போட்டான்.”

ஹால்வர்சனின் கடைசிப் படங்கள்... திறந்து கிடக்கின்றன.

நான் போடவில்லை.

ஏதோ என் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. சுருள். முழுதாகச் சுற்றிய சுருள்.

டப்பாவில் போட்டேன். மூடினேன். விளக்கு.

11:44.

யாரும் இல்லை. தாழ்ப்பாள் போட்டது போட்டபடி.

கழுவி எடுத்தேன். முப்பத்தாறு படங்கள். ஒரு பிறை இல்லை. மீனைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கும் ஹால்வர்சன் பளிச்சென்று இருந்தார். ஆனால் கடைசிப் படத்துக்கு அப்புறம் வெறுமையாக இருக்க வேண்டிய துண்டு கறுத்துப்போயிருந்தது. நடுவில் ஐந்து விரல்களின் தடம் மட்டும் கறுக்காமல் வெளிறி நின்றது. கையில் பிலிம் இருக்கும்போது யாராவது விளக்கைப் போட்டால்தான் அப்படி விழும். மோதிர விரல் பாதியோடு நின்றிருந்தது.

பிரிண்ட் போடும் லோர்னாவிடம் காட்டினேன். காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

“ஐரீன் மாக்கி” என்றாள். “பேப்பர் வெட்டற மெஷின்ல போன விரல்டி அது. பதினோரு வருஷம் முன்னால கிறிஸ்மஸ் நெருக்கடியில மெர்லும் உள்ள போய்ப் பிலிம் சுத்தினார். பிறை விழுந்துது. பழியை ஐரீன் தலையில போட்டார். ‘உங்க முன்னாலயே சுத்திக் காட்டறேன், எந்த ஓரம்னு பாருங்க’ன்னு கெஞ்சினா. கேட்டாரா மனுஷன்? அவ கையில பிலிம் இருக்கும்போதே விளக்கைப் போட்டு வெளிய துரத்தினார். அன்னிக்கு மத்தியானமே மலைப்பாதை ஐஸ்ல வண்டி சறுக்கிப் போய்ச் சேந்துட்டா.”

“ஐரீனுக்கு எந்தக் கைப் பழக்கம்?”

“வலது கை. உன்னை மாதிரிதான்.”

அப்படியானால் மூன்று வாரமாக மேல் ஓரத்தில் அவள் விழவைத்துக் காட்டியது, அன்று மெர்லின் கை விட்ட பிறைகளை.

அந்தத் துண்டை வெட்டியெடுத்து மெர்லின் மேஜையில் வைத்தேன்.

“என் விரல் பத்தும் முழுசா இருக்கு. எண்ணிக்கோங்க. இது யாரோடது?”

இடது கையை நீட்டினார். தொடவில்லை. அந்தக் கையை மடியில் வைத்து மறைத்துக்கொண்டார். துண்டை எடுத்துக்கொண்டு நானே என் கோட்டை மாட்டினேன்.

வீட்டில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான் ஓரத்தில் இருந்த எண்ணைக் கவனித்தேன். பிலிம் தயாரான வருஷம். 1984.

ஐரீன் செத்தது 1974 டிசம்பரில்.