உதடு சேர வேண்டிய வாரம்

எங்கள் மகள் நவம்பர் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பிறந்தாள். மேலுதடு இடது பக்கத்தில் மூக்குவரை பிளந்திருந்தது. ஸ்கேன் எடுத்த நாட்களில் எல்லாம் கையால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தாள், அதனால் முன்பே தெரியவில்லை. சில மாதங்கள் போனதும் தைத்துவிடலாம் என்றார்கள். நான்தான் கலங்கினேன். மனைவி குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, "கோபம் வந்தா அச்சு உங்க மூஞ்சி, பாருங்கோ" என்று சிரித்தாள்.

பெயர் வைக்கும் நாளுக்கு என் அத்தை ஜம்ஷெட்பூரிலிருந்து வந்தார். லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் ஃப்ளாட்டுக்குள் நுழைந்து, குழந்தையைப் பார்த்து, கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டார்.

"கிரகணத்தன்னிக்கு வெளியில வந்தியாடி?"

"வந்தேனே அத்தை. மொட்டைமாடியில நின்னு பார்த்தோம். சந்திரன் செக்கச்செவேல்னு என்ன அழகு தெரியுமா!"

"அழகா? அந்த அழகுதான் இங்க வந்து உக்காந்திருக்கு."

மாடிக்கு அவளை அழைத்துப் போனவன் நான். செப்டம்பர் முதல் ஞாயிறு இரவு அது. எனக்குத் தேதிகள் மறப்பதில்லை. எங்கள் குடும்பம் இந்த வங்காள ஊருக்கு வந்து சேர்ந்த கதையைக் கிழமையோடு சொல்லக்கூடியவன் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். அந்தப் பெருமையோடு அத்தையிடம் வாதாடினேன்.

"அத்தை, கிரகணம் செப்டம்பர்ல. கருவுல உதடு சேர்றது ஆறாவது, ஏழாவது வாரத்துல. இவளுக்கு அது ஏப்ரல். ஏப்ரல்ல முடிஞ்சுபோன காரியத்தை செப்டம்பர் சந்திரன் வந்து எப்படிக் கெடுக்கும்?"

"போடா, பெரிய பஞ்சாங்கம்!" என்றார் அத்தை. வீடே சிரித்தது. மனைவிதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள்.

அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் ஏப்ரல் என்று சொன்ன பிறகு, அந்த ஏப்ரலில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளாமல் என்னால் இருக்க முடியவில்லை. நியூ டவுன் அலுவலகத்துக்குப் போகிற பேருந்தில் தினமும் கருவியல் படித்தேன். முகம் ஒரே துண்டாக உருவாவதில்லை. சில சின்ன மேடுகள் தனித்தனியே வளர்ந்து, நெருங்கி வந்து ஒட்டுகின்றன. எப்போது பெருக வேண்டும், எங்கே போக வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று செல்களுக்கு அக்கம்பக்கத்துச் செல்கள் வேதிச் செய்தி அனுப்புகின்றன. ஒரே செய்தியைக் கேட்டு ஒரு செல் பெருகும், இன்னொன்று உருமாறும். இரண்டு மேடுகள் தொடுகிற இடத்தில் இருக்கும் மேல்தோல் செல்கள் விலகியோ அழிந்தோ வழிவிட்டால்தான் உதடு ஒன்றாகும். செய்தி வந்தால் மட்டும் போதாது. அதை வாங்கிக்கொள்ளும் நிலையில் செல் இருக்க வேண்டும். அந்த நிலை கொஞ்ச காலமே நீடிக்கும்.

அந்தக் கொஞ்ச காலத்தைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். பெரும்பாலான குழந்தைகளுக்கு இதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்ட முடியாது என அதே பக்கங்களில் எழுதியிருந்தது. அதையும் படித்தேன். படித்துவிட்டுத் தாண்டிப்போனேன்.

ஒரு ஞாயிறு மதியம் அவள் குழந்தைக்குச் சொட்டுச் சொட்டாகப் பால் புகட்டிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"சைத்ர சேல் தள்ளுபடிக்குக் கரியாஹாட் கடைத்தெருவுக்குப் போனியே, வருஷப் பிறப்புக்கு முந்தின சனிக்கிழமை. அன்னிக்கு ராத்திரி ஜுரம் அடிச்சுது. ஏதோ மாத்திரை போட்டுண்டே இல்லையா, அது என்ன மாத்திரை?"

கர்ப்பம் என்றே அப்போது எங்களுக்குத் தெரியாது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எதுக்குக் கேக்கறேள்?"

"சும்மா. அந்த வாரந்தான் கணக்குல வருது, அதான்."

"ஓ" என்றாள்.

சண்டை போட்டிருந்தால் தேவலை. குழந்தையின் வாயோரம் வழிந்த பாலைத் துடைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். அதற்குப் பிறகு குழந்தையைப் பார்க்க வந்தவர்கள் கேட்டதற்கெல்லாம் சுருக்கமாகப் பதில் சொன்னாள். என் முகச்சாயலை வைத்துச் செய்யும் கேலியும் நின்றுபோனது. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்க டாக்டரிடம் போனோம். வயதான வங்காளி. தையல் எங்கே வரும், எத்தனை நாளில் ஆறும் என்று படம் போட்டுக் காட்டினார். "ஆர் கிச்சு, மா?" என்றார். வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்று அர்த்தம். அவள் வங்காளத்தில் கேட்டாள். அவளுக்கு அந்த மொழி தமிழைவிட நன்றாக வரும்; தயங்காமல் பேசுவாள். அன்று தயங்கினாள். சைத்ர சேல், சனிக்கிழமை, ஜுரம், மாத்திரையின் பெயர், எத்தனையாவது வாரம் என்று நான் கோத்த அதே வரிசையில் சொன்னாள். பிறகு, "நான்தானே இதைப் பண்ணிட்டேன், டாக்டர்பாபு?" என்றாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இல்லை அம்மா. சாதாரண ஜுர மாத்திரை அது. அத்தனை செல்லும் அத்தனை செய்தியும் எப்படிச் சேர்ந்து வேலை செய்கிறதென்று எங்களுக்கே முழுசாகத் தெரியாது. ஒரு நாளைக் காட்டி இதுதான் என்று யாராலும் சொல்ல முடியாது. யார் உன்னிடம் இப்படிக் கணக்குப் போட்டுச் சொன்னது?"

நான் வாயைத் திறக்க வேண்டிய இடம் அது. டாக்டர் போட்ட படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாரும் சொல்லல. நெட்ல படிச்சேன்" என்றாள் அவள்.

"நெட்டில் படித்துவிட்டு அழாதே" என்று சிரித்தார் டாக்டர். நானும்கூடச் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

வெளியே லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது, "நான்தான் சொன்னேன்னு சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"எப்படிச் சொல்றது? எங்காத்துல அத்தை ஒரு தேதி சொன்னா, ஆத்துக்காரர் ஒரு தேதி சொன்னார்னா?" குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "அத்தை சொன்னதைச் சிரிச்சுட்டுத் தள்ளிட்டேன். நீங்க படிச்சவர். நீங்க சொன்னதை எங்க கொண்டுபோய்த் தள்ளறது?"

"டாக்டர்தான் இல்லைன்னுட்டாரே."

"சொன்னார்" என்றாள். "நம்பறதுக்கு எனக்குக் கொஞ்ச நாளாகும். அதுவரைக்கும் எங்கிட்ட ஒண்ணும் விளக்காதீங்கோ."

லிஃப்ட் வந்தது. உள்ளே இருந்த ஒரு பெண்மணி குழந்தையின் உதட்டைப் பார்த்துவிட்டு என் மனைவியைப் பார்த்தார். என்னிடமும் இருந்த அந்தப் பார்வையை நான் அடையாளம் கண்டுகொண்டேன்.