குறை சொல்லி மனம் மாற்றியவர்

அப்பா துறைமுகத்தில் இழுவைப் படகின் இயந்திர அறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அந்த இரைச்சல் அவருடைய காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் காட்டி, காதுக் கருவி ஒன்று வாங்கிக் கொடுத்தோம். ஒரு நாள் போட்டார். மறுநாள் அது அலுமாரிக்குள் போய்விட்டது.

நான் சுகாதாரப் பகுதியில் வேலை செய்கிறேன். ஈச்சிலம்பற்று வரை போய், தடுப்பூசி போடுங்கள், தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று சனங்களுக்கு எடுத்துச் சொல்வதுதான் என் தொழில். அப்பாவிடம் அந்தத் திறமை ஒன்றும் எடுபடவில்லை. கருவியின் நன்மைகளை அடுக்கினேன். கனடாவிலிருந்து அண்ணா வீடியோவில் கெஞ்சினார். அப்பா "ஓம், ஓம்" என்று தலையாட்டினார். அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலையூற்றிலிருந்து அவருடைய கூட்டாளி வந்தார். ஒரே படகில் வேலை செய்த காலம் தொட்டு, இருவரும் எந்த விஷயத்திலும் ஒத்துப்போனதில்லை. அவர் கதிரையை அப்பாவுக்குக் கிட்ட இழுத்துப் போட்டு, தன் காதிலிருந்த கருவியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"இது ஒரு சனியன்!" என்று கத்தினார். "முதல் கிழமை தலைக்குள்ள காகம் கத்தின மாதிரி. குசினியில சட்டி விழுந்தா உயிர் போகும்."

நான் குசினி வாசலில் நின்று, வேண்டாம் வேண்டாம் என்று கை காட்டினேன். அவர் கவனிக்கவேயில்லை.

"பேந்து?" என்று உரத்துக் கேட்டார் அப்பா.

"பேந்து பழகிட்டுது. முந்திப் பேத்தி என்ன கேட்டாலும் விளங்கின மாதிரிச் சும்மா சிரிச்சனான். நீயும் அப்பிடித்தானே?"

அப்பா அவருடைய உள்ளங்கையிலிருந்த கருவியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீ போடு. உனக்குக் காது கேளாட்டி நான் ஆரோட சண்டை பிடிக்கிறது?"

அப்பா என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, அந்தச் சனியனை எடுத்துக்கொண்டு வா."

பிறகு கேட்டேன்: "நாங்கள் சொன்னதைக் கேக்கேல்லை. அவர் சொன்னதை மட்டும் ஏன் நம்பினனீங்கள்?"

"நீங்கள் நல்லதை மட்டும் சொன்னனீங்கள். அவன் கெட்டதையும் மறைக்கேல்லையே."

இப்போதெல்லாம் கிளினிக்கில் தாய்மாரிடம், ஊசி போட்டால் பிள்ளைக்குக் காய்ச்சல் வரலாம், அன்றிரவு உங்களுக்கு நித்திரை இராது என்றுதான் கதையைத் தொடங்குகிறேன். அவர்கள் நிமிர்ந்து கேட்கிறார்கள்.

அப்பாவும் முதல் கிழமை பல்லைக் கடித்துச் சமாளித்தார். இன்று இரண்டு பேருக்கும் நன்றாகவே கேட்கிறது. ஆனாலும் பழக்கதோஷம், ஞாயிறு வந்தால் கத்தித்தான் கதைக்கிறார்கள். புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டு அக்கா போன கிழமை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன பிள்ளை, ஏதும் பிரச்சினையோ?" என்று பயந்துபோய்க் கேட்டார்.